ஈரத்துணி எட்டாத இடம்

அங்கன வேணாம் தம்பி. அந்தக் கைப்பிடிச் சுவத்துக்கிட்ட வேணவே வேணாம். மீட்டர வச்சுப் பாத்து சிக்னல் நல்லா வருதுன்னு சொல்றீங்க, சரி. வராதுன்னு நான் சொல்லல. அங்க வரும்னு எனக்கே தெரியும். ஆனா அந்த இடத்துல ஓட்டை போட்டீங்கன்னா நாளைக்குச் சாயங்காலமே போனப் போட்டு 'படம் வரல'ன்னு கத்துவேன். நீங்க மறுநாள் காலையில வந்து பாப்பீங்க, எல்லாம் சரியா இருக்கும். 'ஒண்ணுமில்லையேம்மா'ன்னுட்டு போயிருவீங்க. சாயங்காலம் மறுபடி போயிரும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? இதே மாதிரி ஒரு வீட்டுக்கு அலைஞ்சது ஞாபகம் வந்துருச்சா? ஆமா தம்பி, பக்கத்து வீடேதான். இதே மாடிதான். அந்தா துருப்பிடிச்சுத் தெரியுதுல்ல போல்ட்டு, அங்கதான் அவங்க டிவிக் குடை, அந்த டிஷ்ஷு, நின்னுச்சு. நீங்களும் எத்தனை தடவை ஏறி எறங்குனீங்க! வயர மாத்துனீங்க, முன்னாடி இருக்குற கொம்ப மாத்துனீங்க, குடையத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. நான் இங்கன நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கே பாவமா இருந்துச்சு. ஒரு நாளு கூப்பிட்டு மோர் குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?

இருங்க, சொல்றேன். சொன்னாத்தான் எங்க மாட்டணும்னு உங்களுக்கு வெளங்கும். மெஷினக் கீழ வைங்க.

இது முன்னாடி ஒரே வீடு. எங்க வீட்டுக்காரக, நீங்க போன்ல பேரு பதிஞ்சீங்களே தவசின்னு, அவுக இளையவுக. கருப்பையா அவுக அண்ணன். அந்தாளு பொண்டாட்டி சம்முகத்தாய், எனக்கு ஓரகத்தி. மாமனார் போன பெறகு நடுவுல ஒத்தச் செங்கல்ல ஒரு சுவர எழுப்பிப் பாகம் பிரிச்சோம். அண்டா குண்டா, அம்மி உரலு, கொல்லையில நின்ன முருங்க மரம் வரைக்கும் பிரிச்சாச்சு. பிரிக்காம விட்டது ரெண்டுதான். பஜார்ல இருக்குற மாவு மில்லு ஒண்ணு. இந்தா நம்ம தலைக்கு மேல ஓடுதே, துணி காயப்போடுற கம்பி, இது ஒண்ணு. அந்தக் கோடியில கட்டி இந்தக் கோடி வரைக்கும் ஒரே கம்பி. அறுத்தா ரெண்டு பேருக்கும் பத்தாது. அதனால யாரு வேணும்னாலும் எந்த இடத்துல வேணும்னாலும் போட்டுக்கலாம்னு பெரியவங்கள வச்சே பேசி முடிச்சாங்க. இத ஞாபகத்துல வச்சுக்கோங்க தம்பி, இந்தக் கம்பி பொது.

அப்பெல்லாம் சண்டை கிண்டை கெடையாது. அண்ணனும் தம்பியும் காலையில ஒண்ணா மில்லுக்குப் போவாங்க, மாவப் பூசிக்கிட்டு ஒண்ணா வருவாங்க. ரெண்டு பேருமே வயசுல கபடி ஆடுனவங்க. எங்க மேட்ச்சுன்னாலும் சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போயிருவாங்க.

போன வருசம் பங்குனியில எங்க வீட்டுக்காரக மில்லுலயே விழுந்துட்டாக. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கூட இருந்தது யாரு? அண்ணன்தான். ஆட்டோவப் பிடிச்சவரு எங்க போயிருக்கணும்? நேரா ஆஸ்பத்திரிக்குத்தான? போகல தம்பி. மல்லாங்கிணறு பக்கம் எண்ணெய் போடுற வைத்தியர் ஒருத்தரு இருக்காராம், அவருகிட்டக் கொண்டு போயிருக்காரு. கேட்டா, 'எங்க அப்பாவுக்கு வந்தப்ப அவருதான் எந்திரிச்சு நடக்க வச்சாரு'ங்குறாரு. அப்பாவுக்கு வந்தது வேற, இது வேற. அங்க எண்ணெயப் போட்டு உருவிவிட்டு, அப்புறமா மதுரைக்குக் கொண்டு போனா, டாக்டரு என்னையப் பாத்துக் கேக்குறாரு, 'ஏம்மா, உடனே கொண்டு வந்திருந்தா கைகால் வந்திருக்குமே'ன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தாளு ஆஸ்பத்திரி வராண்டாவுல தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கு எரக்கம் வரல. பொய் சொல்லுவானேன், இன்னைக்கும் வரல.

அவுகள வீட்டுக்குக் கூட்டியாந்த அன்னைக்கே சொல்லிட்டேன். 'இந்த வாசப்படிய மிதிச்சீங்க, நான் மண்ணெண்ணெய ஊத்திக்குவேன்'. சாத்துக்குடிப் பழம் வாங்கிட்டு வந்து நின்னாரு, பையோட தெருவுல வீசுனேன். உருண்டு ஓடுச்சு. எதிர்வீட்டுப் பிள்ளைங்க பெறக்கித் தின்னுச்சுங்க. அதுக்கப்புறம் வரல. ரோஷம் இருக்குல்ல!

இதுக்குத்தான் தம்பி பழி வாங்குனாங்க. எங்க வீட்டு மனுசன் படுத்த படுக்கையாக் கெடக்குறாக, பேச்சுக் கொழறுது, அப்பப் பாத்து அவங்க வீட்டுல புது டிவி! மாடியில குடை! அதுவும் டிவிய எங்க மாட்டுனாங்க? நடுச்சுவத்துல. எங்க பக்கம் அதே சுவத்த ஒட்டித்தான் அவுக கட்டில் கெடக்கு. ஒத்தச் செங்கல் சுவரு, பெருமூச்சு விட்டாக்கூட அங்கிட்டுக் கேக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல ஆரம்பிப்பாங்க பாருங்க, காது கிழியும். செய்தி, பழைய பாட்டு, அப்புறம் கபடி. 'புடிச்சிட்டாரு, புடிச்சிட்டாரு, கோட்டத் தொட்டுட்டாரு'ன்னு ஒருத்தன் கத்துவான் பாருங்க, எங்க வீட்டு அலமாரியில டம்ளர் ஆடும்.

என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. எதிர்ச் சுவத்துல மாட்டுனா உக்காந்து பாக்கத் தோதா இருக்கும்னு நீங்க சொன்னீங்களா? அந்தாளுதான் இல்ல, இந்தச் சுவத்துலதான் மாட்டணும்னு நின்னாரா? அந்தப் பக்கம் சத்தம் கேக்குமான்னு வேற கேட்டாரா? அய்யய்யோ! பாத்தீங்களா? நான் இத்தனை நாளும் சந்தேகமாத்தான் நெனச்சேன். இப்ப நீங்களே சாட்சி. திட்டம் போட்டுச் செஞ்சிருக்காரு தம்பி. இவரெல்லாம் ஒரு அண்ணன்!

இன்னொண்ணு கேளுங்க. அந்தாளு டிவி பாக்குறதே இல்ல! சத்தத்த வச்சுவிட்டுட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவாரு, பீடியப் பத்த வச்சுக்கிட்டு. சம்முகத்தாய் அடுப்படியில இருப்பா. உள்ள யாருமே இல்லாம டிவி கத்திக்கிட்டுக் கெடக்கும். யாருக்காக? எங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கத்தான? ஒரு நாளு பொறுக்க மாட்டாம வாசல்ல நின்னே கேட்டேன், 'கொறைக்க மாட்டியா'ன்னு. அவ சொல்றா, 'அவருதான் வைக்கச் சொல்றாரு, நான் என்ன செய்ய'ன்னு. எம்புட்டுத் திமிரு!

எங்க வீட்டுக்காரக பாவம். சத்தம் ஆரம்பிச்சதும் மொகத்தச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவாக. எங்கிட்ட மொகம் காட்ட மாட்டாக. அவமானம் இருக்காதா, கூடப் பொறந்தவனே இப்படிச் செஞ்சா? கண்ணுல தண்ணி வழியும். வாய் என்னமோ முணுமுணுக்கும். ஒரு நாளு நான் மனசு கேக்காம கட்டில அந்தச் சுவத்த விட்டு நகட்டுனேன். ஆத்தாடி, இருக்குற ஒரு கையால கட்டில் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டு என்ன ஆங்காரம்! மறுபடி சுவத்தோட ஒட்டிப் போட்டாத்தான் அடங்குனாக. எதிரிக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு ஒரு வைராக்கியம். கபடி ஆடுன ஒடம்பு.

அன்னைக்குத்தான் தம்பி முடிவு பண்ணேன். அந்தக் குடைய விடக் கூடாதுன்னு.

கல்ல விட்டு எறியலாமான்னு நெனச்சேன். போலீசு கேசாயிரும். அதுக்குப் பதிலா ஒரு தகரத்தக் கொண்டாந்து நிப்பாட்டினேன், குடை மூஞ்சி பாக்குற பக்கம் நேரா. ஒண்ணும் ஆகல. படம் ஜம்முன்னு ஓடுது. அது பாக்குறது ஒரு பக்கம், வாங்குறது ஒரு பக்கம்னு அப்ப எனக்குத் தெரியாது. அது வானத்த நெட்டுக்குத்தலால்ல பாக்குது! நீங்க சிரிக்காதீங்க, நானாக் கண்டுபிடிச்சேன். ஒரு நாளு அவுக படுக்கையில நனைச்சுட்டாகன்னு ஜமுக்காளத்த அலசி, புழியத் தெம்பில்லாம, சொட்டச் சொட்டக் கம்பியில போட்டேன். குடைக்குக் கொஞ்சம் முன்னால, தலைக்கு மேல. போட்டுட்டுத் திரும்பல, கீழ சத்தம் வெட்டி வெட்டி வருது. 'புடிச்... டாரு... கோட்ட...' அம்புட்டுத்தான். நின்னுபோச்சு. சம்முகத்தாய் உள்ள இருந்து கத்துறா, 'என்னங்க, படம் போச்சு!'ன்னு. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஜமுக்காளத்த அந்தாண்ட நகட்டுனேன், படம் வந்துச்சு. இந்தாண்ட இழுத்தேன், போச்சு. மாடியில நான் ஒருத்தியா நின்னு சிரிச்சேன் தம்பி. அவுக விழுந்த நாள்ல இருந்து அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

அப்புறம் என்ன? தெனமும் துணிதான். சாயங்காலம் ஆச்சுன்னா ஜமுக்காளம், இல்லேன்னா கம்பளி, அதுவும் இல்லேன்னா நாலு சேலையக் கட்டாச் சேத்து. உப்புத் தண்ணியில அலசி அலசிச் சேலையெல்லாம் வெளுத்துப்போச்சு, கையில தோலு உரிஞ்சு தொங்குச்சு. குழாயில நல்ல தண்ணி வாரா வாரம் கூட வராத ஊரு இது, அண்டாவுல இருந்த குடிதண்ணியக்கூட ஊத்தியிருக்கேன். விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுப் பொம்பள துணி தொவைக்கலாமான்னு தெருவே பேசுச்சு. பேசட்டும். கம்பி பொதுவா இல்லையா? துணி என்னோடதா இல்லையா? எவன் கேப்பான்?

நீங்க வருவீங்க காலையில. துணி காஞ்சு மடிச்சு உள்ள போயிருக்கும். எல்லாம் நல்லா இருக்கும். அந்தாளு உங்க பின்னாடியே கையப் பெசஞ்சுக்கிட்டு நிப்பாரு. 'சாயங்காலம் மட்டும் எப்படியாவது வரணும் தம்பி, மத்த நேரம் வராட்டிப் போகுது'ன்னு கெஞ்சுவாருல்ல? காதுல விழும். எனக்கு வெல்லத்தக் கடிச்ச மாதிரி இருக்கும்.

கபடி பைனலுக்கு முந்துன வாரமே ஓஞ்சு போயிட்டாங்க. குடையக் கழட்டி வித்துட்டாங்க. டிவி சும்மா தொங்குது. சத்தம் நின்னுச்சு. நான் ஜெயிச்சுட்டேன் தம்பி. தனி ஒருத்தியா, ஒரு ஜமுக்காளத்த வச்சுக்கிட்டு.

ஆனா பாருங்க, அந்தாளு செஞ்ச துரோகம் எங்க வீட்டுக்காரகளுக்கு அப்பத்தான் உள்ள எறங்கியிருக்கு. அதுவரைக்கும் நாலு வார்த்தையாச்சும் கொழறிக் கொழறிப் பேசுவாக. 'தண்ணி'ம்பாக, 'வெயிலு'ன்னு என் பேரப் பாதி சொல்லுவாக. வெயிலுகந்தாள்னு முழுசா வராது. சத்தம் நின்ன பெறகு அதுவும் போச்சு. சாயங்காலம் ஆனா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாக. காத்துக்கிட்டே கெடப்பாக, எதுக்குன்னு தெரியல. அப்புறம் கண்ண மூடிக்குவாக. கஞ்சியக் கொண்டு போனா வாயத் தொறக்குறதில்ல. ஸ்பூன வச்சு நெம்பி ஊத்துறேன், பாதி கழுத்துல வழியுது. டாக்டரு மாத்திரைய மாத்திக் குடுத்தாரு. ஒண்ணும் கேக்கல. 'ஏதாவது பேசிக்கிட்டே இருங்கம்மா, மனுசங்க சத்தம் காதுல விழட்டும்'னாரு. நான் எம்புட்டுத்தான் பேச? நானும் பேசுறேன், அவுக அண்ணன் செஞ்சதத் தெனமும் எடுத்துச் சொல்றேன், ரோஷம் வரட்டும்னு. வரல.

அதான் திருப்பூர்ல இருக்குற எம்மக இந்த டிவிய வாங்கி அனுப்பியிருக்கா. இதுலயாவது அவுக வாயத் தொறக்கணும் தம்பி. ஒரு வாய் கஞ்சி மனசோட குடிச்சாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இல்ல, இன்னொண்ணு வேணும். அந்தச் சுவத்துலயே மாட்டி, அவங்க வச்ச மாதிரியே முழுச் சத்தம் வைக்கணும். பட்டது திரும்பப் படட்டும். அதுக்குத்தான் சொல்றேன், குடை நிக்கிற இடத்துல ஈரத்துணி எட்டவே கூடாது. கம்பி பொதுன்னு சொன்னேன்ல? நான் போட்ட மாதிரி சம்முகத்தாயும் போடலாம்ல?

இந்தா, பேர எடுத்ததும் வர்றா பாருங்க. வாளியோட. நான் சொல்லல? பேசாதீங்க, என்ன செய்யுறான்னு பாப்போம். குடையப் பாக்குறா. உங்களப் பாக்குறா. அந்தா, காலையில அவ போட்ட போர்வை இன்னும் ஈரமாத்தான் தொங்குது, நம்ம பக்கம். அதத் தொடுறா.

எடுக்குறா தம்பி! உருவி எடுத்து அவ பக்கத்துக் கைப்பிடிச் சுவத்துல போடுறா. வாளித் துணியையும் அங்கேயே போடுறா. கம்பிய மொத்தமாக் காலி பண்ணிட்டா! பயந்துட்டா, பாத்தீங்களா? நான் ஒரு மொறை மொறைச்சதுக்கே இப்படி.

என்ன கேட்டுட்டுப் போறா உங்ககிட்ட? 'படம் சாயங்காலத்துக்குள்ள வந்துருமா தம்பி'ன்னா? இவளுக்கு என்ன வந்துச்சு? வந்துரும்னு சொல்லுங்க, வயிறெரிஞ்சு சாகட்டும். சேலத் தலைப்ப வச்சு மூக்கத் தொடைச்சுக்கிட்டுப் போறா. ஜலதோசம் போல.

நடிப்பு தம்பி. நம்பாதீங்க. இன்னைக்கு எடுப்பா, நாளைக்குப் போடுவா. அந்தா மாடிப்படிக்கு மேல ஒரு சின்னத் தளம் இருக்குல்ல, அதுமேல மாட்டுங்க. கம்பிக்கு மேல இருக்கு. அங்க எந்தத் துணியும் எட்டாது. ஆடிக் காத்துக்கு ஆடுமா? அப்ப போல்ட்ட ஆழமாப் போடுங்க. கம்பம் செங்குத்தா நிக்கணும்னா நான் பிடிச்சுக்கிறேன். ஏணி இந்தா இருக்கு. ஏறுங்க, நான் கீழ இருந்து ஸ்பானர எடுத்து நீட்டுறேன்.

கொஞ்சம் தெக்கால திருப்பணுமா? நல்லா முறுக்குங்க. மீட்டரு கத்துதே, வந்துருச்சா? முழுசா வந்துருச்சா! வாங்க, வாங்க, கீழ போவோம். படியில பாத்து.

இந்தா, இவுகதான். என்னங்க, குடை மாட்டியாச்சு. இங்க பாருங்க. கண்ணத் தொறங்க. சுவத்துப் பக்கமே திரும்பிக் கெடக்குறாக பாருங்க தம்பி. சரி, டிவிய இந்த ஆணியிலயே மாட்டுங்க, கட்டிலுக்கு நேர் மேல. அவுகளுக்குத் தெரியாதா? தெரியாட்டிப் போகுது, சத்தம் கேட்டாப் போதும். போடுங்க. கபடி இருக்கான்னு பாருங்க. இருக்கா? பழைய மேட்ச்சா? பரவால்ல, வைங்க.

சத்தம் வைங்க. இன்னும்.

தம்பி. தம்பி, பாருங்க, கண்ணத் தொறந்துட்டாக. என்னங்க? என்னது? இருங்க தம்பி, ஏதோ சொல்றாக. வாய் அசையுது. 'சத்தம்'... சத்தம் என்னங்க? கொறைக்கணுமா? இல்லையா? 'கூட்டு'... கூட்டணுமா? 'அண்ணனுக்கு'... 'அண்ணனுக்குக் கேக்கட்டும்'.

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா? அண்ணனுக்குக் கேக்கட்டுமாம்! பேசிட்டாக! ரோஷம் வந்துருச்சு! நான் தெனமும் ஓதுனது வீண் போகல. கூட்டுங்க தம்பி, எம்புட்டுக் கூட்ட முடியுமோ அம்புட்டுக் கூட்டுங்க!

இருங்க. அது என்ன, அந்தப் பக்கம் சுவத்த இடிக்கிற மாதிரி? ஆமா, இடிக்கிறாங்க. ரெண்டு இடி. தாங்க முடியல அந்தாளுக்கு! வலிக்குதா? நல்லா வலிக்கட்டும்.

அய்யோ, இவுகளப் பாருங்க. கைய ஓங்குறாக. இருக்குற ஒரு கையால இவுகளும் சுவத்த இடிக்கிறாக! விடுங்க, தடுக்காதீங்க, இடிக்கட்டும். அந்தாண்ட இருந்து இடிக்க, இந்தாண்ட இருந்து இடிக்க... சிரிக்கிறாக தம்பி. கோணுன வாயி கோணுனபடியே சிரிக்கிறாக. அழுகையும் வருது. ஜெயிச்ச அழுகை அது. எனக்குத் தெரியாதா?

என்னங்க? கஞ்சியா? கஞ்சி கேக்குறாக! தானாக் கேக்குறாக! அந்தாளு மேல இருந்த பழிய ஒரு கையாலயே தீத்துட்டாகல்ல, பசிக்கத்தான் செய்யும். இருங்க, கொண்டு வாரேன். தம்பி, நீங்க எங்கயும் போயிறாதீங்க, காப்பி போடுறேன். அந்த ரிமோட்ட மட்டும் கையில கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. அந்தாளு வாசல்ல வந்து நின்னு கெஞ்சுனாலும் கொறைக்கக் கூடாது, சொல்லிட்டேன்.